யார் வைத்த மரம் என்று கேட்டேன்

காணிக் கந்தோரில் இப்போது வேலை செய்யும் பிள்ளைகள் இருவர் போன மாதம் என் வீட்டுக்கு வந்தார்கள். என்னுடைய ஓய்வூதியக் கடதாசி ஒன்றில் கையெழுத்து வேண்டுமாம். தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, குடியேற்றக் காணிகளின் அனுமதிப் பத்திரத்தில் இனிமேல் கணவன் மனைவி இருவர் பெயரையும் சேர்த்து எழுதலாம் என்று ஒரு பேச்சு அடிபடுவதாகச் சொன்னார்கள். நல்ல காரியம் என்றேன். அவர்களில் ஒருத்தி விடவில்லை.

"அப்ப உங்கடை காலத்திலை புருசன் பெண்சாதி பிரிஞ்சால் காணியை என்ன செய்தனீங்கள், ஐயா?"

"அது பெரிய கதை பிள்ளை. பிறகொரு நாளைக்குச் சொல்லுறன்" என்று தப்பிவிட்டேன். அவர்கள் போன பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. கதை பெரிது என்பதற்காக நான் தப்பவில்லை. அதில் நான் செய்த மடைத்தனம் ஒன்று இருக்கிறது. இந்த வயதுக்கு மேல் அதை ஒளித்து வைத்து என்ன காணப்போகிறேன்? எழுதிவிடுகிறேன்.

நான் எழுதுவினைஞனாகச் சேர்ந்தது ஐம்பதுகளின் நடுவில். சோதனை பாஸ் பண்ணி, வவுனியாக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் பணிமனையில், இரண்டு வருடம் முத்திரை ஒட்டியும் கடதாசிக் கோவை கட்டியும் கழித்தேன். அங்கே நான் கற்ற ஒரே வித்தை நல்ல கையெழுத்து. அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. பிறகு கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு குடியேற்றத் திட்டத்துக் கந்தோருக்கு மாற்றினார்கள். தகரக் கூரை, இரண்டு மேசை, ஒரு அலுமாரி. வெளியே ஒரு பாலை மரம். மழைக்காலத்தில் கந்தோருக்குள் பாம்பு வருவதும் வெயில் காலத்தில் சனம் வருவதும் வழக்கம்.

அந்தக் காணிகளைப் பற்றி ஒரு விஷயம் சொன்னால்தான் மற்றதெல்லாம் விளங்கும். காடு வெட்டி, இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி, யாழ்ப்பாணத்தில் காணியில்லாத குடும்பங்களை அரசாங்கம் கொண்டுவந்து இருத்தியது. ஒரு குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் வயல், வீடு கட்டித் தோட்டம் செய்ய இரண்டு ஏக்கர் மேட்டுக்காணி. பத்திரம் குடும்பத் தலைவர் பெயரில்தான் இருக்கும். தலைவர் என்றால் ஆம்பிளை. அவர் அதை விற்க முடியாது, ஈடு வைக்க முடியாது, துண்டு போட முடியாது. அங்கேயே குடியிருந்து கமம் செய்யவேண்டும். பத்திரத்தின் அடியில் ஒரு வரி உண்டு. தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று அதில் ஒரு பெயர் எழுத வேண்டும். அநேகமாக எல்லாரும் மனைவியின் பெயரைத்தான் எழுதினார்கள். அந்தக் காணியில் பெண்ணுக்கு இருந்த பிடிமானம் அந்த ஒரு வரி மட்டுமே. அதையும் புருசன் நினைத்தால் மாற்றலாம்.

தேசவழமைச் சட்டப்படி சீதனம் பெண்ணுக்கு, கலியாணத்துக்குப் பிறகு இருவரும் தேடிய தேட்டத்தில் ஆளுக்குப் பாதி என்று யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் ஒப்பிக்கும். ஆனால் எங்களுடையது முடிக்குரிய காணி, அரசாங்கத்தின் சொத்து. வழக்குப் போட்டுக் கோடு ஏறினாலும் நீதிபதி அதைப் பிரித்துத் தரமாட்டார். ஆகவே பிரிகிற சனம் எங்கள் கந்தோருக்கு வந்தது.

எங்கள் குடியேற்ற உத்தியோகத்தர் பெயர் அருளப்பு. முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். கத்தோலிக்கர், ஞாயிறு பூசைக்குத் தவறாதவர். மெலிந்த மனிதர், காற்சட்டைக் காலைக் கிளிப் போட்டுக் கட்டிக்கொண்டு சைக்கிளில் வருவார். விசாரணைக்குப் போனால் எந்த வீட்டிலும் கதிரையில் இருக்கமாட்டார். தேநீர் மட்டுமல்ல, பச்சைத் தண்ணீரும் தொடமாட்டார். போத்தலில் தன்னுடைய தண்ணீரைக் கட்டிக்கொண்டு வருவார். முதல் முறை அவரோடு போனபோது, களைப்பில் நான் ஒரு செம்பு மோர் வாங்கிக் குடித்துவிட்டேன். திரும்பி வரும் வழியில் சொன்னார்:

"தம்பி, நீர் குடிச்சது பெண்ணின்ரை தமையன் வீட்டு மோர். இனி நாங்கள் என்ன எழுதினாலும் மற்றப் பகுதி மோருக்கு எழுதினது எண்டுதான் சொல்லும்."

அதன் பிறகு நானும் ஒரு போத்தல் வாங்கினேன்.

அவரிடம் வேறு சில பிடிவாதங்களும் இருந்தன. வயலில் பயிர் நிற்கும்போது பிரிவினைக் கோவை எதையும் திறக்கமாட்டார். அறுவடை முடியட்டும், சூடு அடித்து நெல் வீடு சேரட்டும், அதன் பிறகு வாருங்கோ என்று அனுப்பிவிடுவார். எனக்கு அது வேலையைத் தள்ளிப்போடுகிற சாட்டாகத்தான் முதலில் தெரிந்தது. ஆனால் அப்படி அனுப்பப்பட்டவர்களில் எத்தனையோ பேர் அறுவடைக்குப் பிறகு திரும்பி வரவே இல்லை. வெட்டுக்கும் சூட்டுக்கும் இரண்டு பேருடைய கையும் வேண்டியிருந்தது. வேலை செய்த இடத்தில் கதைத்துப் பேசிச் சேர்ந்துவிடுவார்கள். சேராமல் வந்தவர்களைத்தான் அவர் உண்மையாகப் பிரிந்தவர்கள் என்று எடுத்துக்கொண்டார்.

ஒருமுறை ஒரு மனிதர், பெண்சாதியோடு கோபித்துக்கொண்டு போகும்போது வீட்டு வாசற்கதவைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவருடைய தகப்பன் செய்து கொடுத்த கதவாம். பெண் சாக்குத் தொங்கவிட்டுக்கொண்டு இருந்தாள். அருளப்பு ஐயா அந்த மனிதரைக் கூப்பிட்டு, கத்தாமல், சிரிக்காமல் கேட்டார்: "கதவு கொண்டு போனது சரி. நிலையை ஏன் விட்டிட்டுப் போனனீர்?" மனிதர் முழித்தார். "நிலை சுவரோடை, சுவர் காணியோடை, காணி அரசாங்கத்தோடை. நிலையிலை பூட்டினதும் அப்பிடித்தான். பின்னேரத்துக்குள்ளை பூட்டிவிடும்." பின்னேரம் கதவு வந்துவிட்டது. கதவோடு ஆளும் வந்து அங்கேயே நின்றுவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

சமயத்தைப் பற்றி ஒருநாள் அவரிடம் துணிந்து கேட்டேன். "உங்கடை வேதத்திலை கலியாணம் பிரிக்கேலாதெல்லோ, ஐயா?"

"ஏலாதுதான். நான் ஒருதரையும் பிரிக்கேல்லை. பிரிஞ்சு வாறவையிலை ஒராள் மழைக்குள்ளை நிக்கக்கூடாது எண்டு மட்டும் பாக்கிறன்" என்றார்.

இனி என் மடைத்தனத்துக்கு வருகிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மனு வந்தது. மனுக்காரர் பெயர் நல்லையா. அவர் மனைவி பரமேஸ்வரியை விட்டுப் பிரிந்து ஒன்றரை வருடமாக மல்லாவியில் தமக்கை வீட்டில் இருந்தார். சண்டைக்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. குடியும் இல்லை, வேறு பெண்ணும் இல்லை. ஆண் பிள்ளை இல்லை என்ற குறையைத் தமக்கை ஊதிக்கொண்டே இருந்தார். பரமேசு வாய்க்கு வாய் பதில் சொன்னார். ஒருநாள் இவர் எழும்பிப் போய்விட்டார், அவ்வளவுதான். மனுவில் கேட்டது இரண்டு விஷயம். பத்திரத்தின் அடியில் மனைவியின் பெயரை எடுத்துவிட்டுத் தமக்கையின் மகனுடைய பெயரைப் போடவேண்டும். தமக்கை குடும்பம் அந்த வீட்டில் வந்திருக்க அனுமதி வேண்டும்.

சட்டப்படி பார்த்தால் பெயரை மாற்றுவது நல்லையாவின் உரிமை, அரசாங்க அதிபர் ஒப்பம் வைத்தால் சரி. மாற்றினால் பரமேசுவும் இரண்டு பெண் பிள்ளைகளும் அந்தக் காணியில் யாருமில்லாதவர்கள். போவதற்கும் இடமில்லை. பரமேசுவுக்குச் சீதனமாக வந்தது இரண்டு பரப்புப் பனங்காணி. அதை விற்றுத்தான் குடியேற்றத்துக்கு வந்த முதல் வருடம் கிணறு வெட்டி, ஒரு சோடி மாடு வாங்கினார்கள். பிறந்த வீடு தங்கைக்குச் சீதனமாகப் போய்விட்டது. தங்கையின் புருசன் வீட்டில் மூன்று பேர் எத்தனை நாள் இருக்க முடியும்?

நல்லையா காணியில் குடியிருக்கவில்லை என்று பத்திரத்தை ரத்துச் செய்யலாம். ஆனால் ரத்துச் செய்தால் காணி மறுபடியும், யாருக்குக் கொடுப்பது என்று ஆள் தெரிகிற காணிக் கச்சேரிக்குப் போகும். அங்கே நூற்றுக்கணக்கான ஆம்பிளைகள் வரிசையில் நிற்பார்கள். புருசன் விட்டுப் போன பெண்ணின் முறை வருவதற்குள் காணி போய்விடும். மிச்சமிருந்தது ஒரே வழி. கிணறு, தென்னை, வேலி, வீடு இவற்றைக் கந்தோர்ப் பாஷையில் அபிவிருத்தி என்போம். அதைச் செய்தது அந்தப் பெண்தான் என்று எழுத்தில் இருந்தால், அரசாங்க அதிபர் பெயர் மாற்றத்துக்குச் சம்மதிக்காமல் விடக்கூடும்.

அறுவடையும் முடிந்தது. அந்த நேரம் பார்த்து அருளப்பு ஐயா காய்ச்சலில் விழுந்தார். முல்லைத்தீவுக்குப் போகுமுன் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நல்லையாவின்ரை கோவை கிடந்து காயுது. நீர் போய் அபிவிருத்தியை எண்ணிக்கொண்டு வாரும். மரம் எத்தினை, கிணறு எத்தினை, அவ்வளவுதான். கேள்வி ஒண்டும் கேளாதையும். கேள்விக்கு நான் வாறன்."

நான் தனியாகப் போகிற முதல் விசாரணை. புதுப் பேனா, மை நிரப்பி வைத்திருந்தேன். கள்ளுத் தவறணைக்குப் போகிறவன் மாதிரி ஒரு உற்சாகம். அன்றைக்கென்று நல்லையாவும் மல்லாவியிலிருந்து வந்து வேலிப் படலையில் நின்றார். காணியைச் சுற்றிக் காட்டுவதற்கு என்று என்னோடு கூடவே நடந்தார். பரமேசு வேலியோரமாக, நாலு முழம் தள்ளி, முந்தானையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார்.

எண்ணியதோடு நான் திரும்பி வந்திருக்கலாம். இரண்டு பேரும் முன்னால் நிற்கிறார்களே, ஒரே முறையில் வேலையை முடித்தால் ஐயா மெச்சுவார் என்று எனக்குள் ஒரு நப்பாசை. முதல் தென்னையடியில் நின்று கேட்டேன்.

"அம்மா, இது ஆர் வைச்ச மரம்?"

பரமேசு நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: "அவர்தான்."

"இந்தப் பிலா?"

"அதும் அவர்தான்."

"கிணறு?"

"அவர் வெட்டினவர்."

வேலி அவர், வீடு அவர், மா அவர், எலுமிச்சை அவர், கிணற்றடி வாழை அவர். பதினாலு இனம். நான் கோடு போட்டு, நிரலாக்கி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் வயதையும் பரமேசு சொன்னதையும் அப்படியே எழுதினேன். வாசித்துக் காட்டினேன். பரமேசு ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். பேனாவை வாங்கி வடிவாகக் கையெழுத்துப் போட்டார். நல்லையா தூரத்தில் கட்டியிருந்த மாடுகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு கிழமைக்குப் பிறகு ஐயா வந்ததும் கோவையைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். அவர் பென்சிலைச் சீவிக்கொண்டு வாசித்தார். பாதியில் சீவுவதை நிறுத்தினார்.

"ஆர் உம்மைக் கேள்வி கேக்கச் சொன்னது?"

நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டு நின்றேன்.

"கேக்கேக்கை நல்லையா எங்கை நிண்டவர்?"

"எனக்குப் பக்கத்திலை, ஐயா."

"அவா?"

"வேலியோடை."

"கிணத்தடி வாழைக்கு எத்தினை மாசம் எண்டு எழுதியிருக்கிறீர்?"

"ஏழு மாசம்."

"நல்லையா போய் எத்தினை நாள்?"

அப்போதுதான் எனக்குத் தலையில் குட்டு விழுந்தது. "ஒண்டரை வருசம்" என்றேன்.

"அப்ப மல்லாவியிலை இருந்துகொண்டு நட்டிருக்கிறார். கெட்டிக்காரன்தான்" என்றார் ஐயா. அவர் சிரிக்கவில்லை. எனக்குக் காது சுட்டது.

எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி, அந்நிய ஆம்பிளை ஒருவன் பேனாவோடு வந்து நிற்க, புருசன் பக்கத்தில் நிற்க, இது நான் வைத்தது என்று வாய் திறந்து சொல்வாளா? என் அம்மா சொல்லியிருப்பாளா? என் மனைவி சொல்லுவாளா? எங்கள் வீட்டில் அவள் வைத்த முருங்கையைக்கூட வந்தவர்களிடம் "இவர் வைச்சது" என்றுதானே சொன்னாள், நானும் கேட்டுக்கொண்டு பேசாமல்தானே இருந்தேன்? இதெல்லாம் தெரிந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன்தான் நான். ஆனாலும் கந்தோர்க் கதிரையில் இருந்தவுடன், கேட்ட கேள்விக்கு வந்த பதில் உண்மை என்று நினைத்துவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு மிச்சமிருந்த ஒரே வழியை என் நல்ல கையெழுத்தால் அடைத்துவிட்டேன்.

"கிழிச்சுப்போட்டு வேறை எழுதட்டோ, ஐயா?" என்று கேட்டேன்.

"கையெழுத்து வைச்ச கடதாசியைக் கிழிக்கேலாது. அது அங்கைதான் இருக்கும்." பென்சிலை என்னிடம் நீட்டினார். "ஓரத்திலை எழுதும். கேட்ட முறை பிழை எண்டு. எழுதி உம்மடை பேரைப் போடும்."

எழுதினேன். முப்பத்தைந்து வருட வேலையில் எனக்கு எதிராக நானே எழுதிய ஒரே குறிப்பு அதுதான். கண் கலங்கிவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்காக இல்லை. அந்த இரண்டு பெண் பிள்ளைகள் படலையில் நின்று என் சைக்கிள் மணியை அடித்துப் பார்த்தது நினைவுக்கு வந்தது.

நல்லையாவையும் வரச்சொல்லிவிட்டு, அடுத்த கிழமை ஐயாவும் நானும் போனோம். ஐயா முதலில் நல்லையாவைத் தனியாகக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். பரமேசுவை அடுப்படிப் பக்கம் இருக்கச் சொன்னார். கிணறு யார் வெட்டியது என்று அவர் கேட்கவில்லை. அன்று முழுவதும் "ஆர்" என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை.

"நல்லையா, எத்தினை முழத்திலை கல்லுக் கண்டது?"

நல்லையா கிணற்றை எட்டிப் பார்த்தார். "அந்த நேரம் நான் வாய்க்கால் வேலைக்குப் போனனான், ஐயா. அவவைக் கேளுங்கோ."

"எழுதும் தம்பி, சொன்ன மாதிரியே." எழுதினேன்.

"யானை வந்து பிடுங்கின தென்னங்கண்டு எந்த எந்த இடம்?"

"தெரியாது. அவவைக் கேளுங்கோ."

"தண்ணியில்லாத வருசம் இந்தப் பிலாவுக்கு எங்கையிருந்து தண்ணி வந்தது?"

"அவவைத்தான் கேக்கவேணும்."

ஐயாவின் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி துளியும் இல்லை. வழி கேட்கிறவரைப் போலத்தான் கேட்டார். பிறகு மாடுகள் கட்டியிருந்த இடத்துக்கு நடந்தார். மாட்டைப் பற்றிக் கேட்டதும் நல்லையாவின் முகமே மாறிவிட்டது. எந்தச் சந்தையில் வாங்கியது, எந்த மாடு இடப்பக்கம் இழுக்கும், எதற்கு எப்போது காலில் புண் வந்தது, என்ன இலை அரைத்துக் கட்டியது என்று நிறுத்தாமல் சொன்னார். அதையும் ஐயா முழுவதும் எழுதச் சொன்னார். ஒரு வரி விடவில்லை.

அதன் பிறகு பரமேசுவின் முறை. நல்லையாவைப் படலைக்கு அனுப்பிவிட்டு அதே கேள்விகள்.

"பதினொரு முழத்திலை கல்லு, ஐயா. அதுக்குப் பிறகு வெடி வைச்சவை. வெட்டுறவை ரெண்டு பேர்தான் வந்தவை. மண்ணைக் கயித்திலை இழுக்க ஆளில்லை, நான் இழுத்தனான். அப்ப மூத்தவள் வயித்திலை ஆறு மாசம்."

"நான்" என்ற சொல் தானாக வந்து விழுந்ததை அவர் கவனிக்கவில்லை. யானை பிடுங்கிய ஐந்து கன்றின் இடத்தையும் நடந்து காட்டினார். பலாவுக்குத் தண்ணீர் பெரிய வாய்க்காலிலிருந்து, விடியலில் நாலு குடம், பின்னேரம் நாலு குடம். நான் எழுதிக்கொண்டே போனேன். கை வலித்தது, நிறுத்த மனம் வரவில்லை.

முடிந்ததும் ஐயா இருவரையும் மா மரத்துக்குக் கீழே கூப்பிட்டார். என்னை வாசிக்கச் சொன்னார். முதலில் நான் எடுத்த அந்தப் பிழையான வாக்குமூலத்தை. நான் தேடுவதுபோலத் தாள்களைப் புரட்டினேன். "வாசியும்" என்றார். வாசித்தேன். தென்னை, அவர். பலா, அவர். வாழை, ஏழு மாதம், அவர். பிறகு நல்லையா சொன்னதை வாசித்தேன். தெரியாது, அவவைக் கேளுங்கோ. தெரியாது, அவவைக் கேளுங்கோ. மாட்டுக் கதை வந்தபோது பரமேசு மெல்லத் தலையாட்டினார். கடைசியாகப் பரமேசு சொன்னது.

வாசித்து முடித்துத் தாள்களை மடித்தேன். நல்லையா திரும்பி மனைவியைப் பார்த்தார். ஒன்றரை வருடத்தில் நேராகக் கதைத்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"நான் போனாப் பிறகு வைச்ச வாழையையும் ஏன் என்ரை எண்டு சொன்னனீ?"

"வேறை என்னத்தைச் சொல்லுறது?" என்றார் பரமேசு. "எங்கடை சண்டை எங்களோடை. கந்தோரிலை இருந்து வந்தவருக்கு முன்னாலை, நீங்கள் கமம் செய்யத் தெரியாத மனுசன் எண்டு நான் சொல்லவோ?"

நல்லையா தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஐயா, மனுவைத் திருப்பித் தாங்கோ. பேர் மாத்த வேண்டாம்" என்றார்.

வேறு யாராக இருந்தாலும் அதோடு கோவையை மூடியிருப்பார்கள். நான் மூடியிருப்பேன். ஐயா மூடவில்லை.

"அது காணாது நல்லையா. இண்டைக்கு வேண்டாம் எண்டுவீர். நாளைக்கு அக்கா கதைச்சால் திரும்ப வருவீர். நீர் திரும்பி இஞ்சை வந்து இருக்கப்போறீரோ?"

நல்லையா துண்டை மடித்துத் தோளில் போட்டார். "இல்லை, ஐயா" என்றார். "இனி ஒத்துவராது. ரெண்டு பேருக்கும் தெரியும்."

பரமேசுவும் மறுக்கவில்லை.

"அப்ப இருக்கிற ஆளின்ரை பேரிலை காணி இருக்கட்டும். நீர் விட்டுக்குடுத்து எழுதினால் நான் அதிபருக்கு எழுதுறன். உமக்கு என்ன வேணும் எண்டு சொல்லும்."

நல்லையா மாடுகள் நின்ற பக்கம் பார்த்தார். பரமேசுதான் சொன்னார்: "மாடு ரெண்டையும் வண்டிலையும் கொண்டு போகட்டும், ஐயா. அதுகள் அவரின்ரை சொல்லுக்குத்தான் கேக்கும். நான் உழவுக்கு ஆள் பிடிப்பன்."

தன் சீதனக் காணியை விற்று வாங்கிய மாடுகள் அவை. நான் அதை ஐயாவின் காதில் போடலாமா என்று பார்த்தேன். அவர் கண்ணாலேயே என்னை அடக்கிவிட்டார்.

"எழுதுங்கோ, ஐயா" என்றார் நல்லையா. அந்த மா மரத்துக்குக் கீழேயே கையெழுத்து வைத்தார். திரும்பும் வழியில் ஐயா வழக்கத்துக்கு மாறாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தார். "இண்டைக்கு உம்மடை பிழையான கடதாசி இல்லாட்டில் அலுவல் முடிஞ்சிராது" என்றார். மன்னித்தாரா, குத்தினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மூன்று வாக்குமூலத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கச்சேரிக்கு அனுப்பினோம். இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மனைவி பெயரில் கொடுப்பதற்கு முன்மாதிரி உண்டா என்று கேட்டார்கள். ஐயா இரண்டு முறையும் அசையாமல் பதில் எழுதினார். அதற்குள் மழை விழுந்து, அடுத்த காலபோக உழவு தொடங்கிவிட்டது. பரமேசுவின் வயலை உழ நல்லையாவே மாடுகளோடு மல்லாவியிலிருந்து வந்தார். உழுது முடித்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, வீட்டுக்குள் போகாமல் திரும்பிப் போனார். அதிபரின் சம்மதம் வந்தபோது வயலில் கதிர் சாயத் தொடங்கியிருந்தது.

பத்திரம் எழுதுகிற அன்று பரமேசு கந்தோருக்கு வந்தார். வெள்ளைச் சேலை மாதிரி வெளுத்த ஒரு நீலச் சேலை, கையில் குடை. கதிரையில் இருக்கச் சொன்னேன், இருந்தார். படிவத்தை நான் முதல் நாளே நிரப்பி வைத்திருந்தேன். அவருக்குச் செய்த பிழைக்கு ஈடாக என் வாழ்நாளிலேயே அழகான கையெழுத்தில் எழுதியிருந்தேன். பத்திரக்காரர் என்ற இடத்தில் அவர் பெயர். காணியின் எல்லைகள். அடியில் உள்ள அந்த ஒற்றை வரியும் வெறுமையாக இருக்கக்கூடாது என்று, அவருக்குப் பிறகு உரித்தாளி என்ற இடத்தில் மூத்த மகளின் பெயரையும் எழுதிவிட்டேன். வேறு யாரை எழுதப் போகிறார்?

பரமேசு படிவத்தை வாங்கி, விரலை வைத்து, ஒவ்வொரு வரியாக வாசித்தார். அடி வரியில் விரல் நின்றது.

"தம்பி, இதை ஆரைக் கேட்டு எழுதினனீங்கள்?"

கோபமாகக் கேட்கவில்லை. அறிய வேண்டும் என்றே கேட்டார். பக்கத்து மேசையில் ஐயா தலை நிமிராமல் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

நான் அந்தப் படிவத்தைக் கிழித்தேன். அதில் இன்னும் கையெழுத்து விழவில்லை, கிழிக்கலாம். புதிது ஒன்று எடுத்து, மற்றதெல்லாம் நிரப்பி, அடி வரிக்கு வந்ததும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"சொல்லுங்கோ அம்மா. உங்களுக்குப் பிறகு காணி ஆருக்கு?"

அவர் குடையை மடியில் நேராக வைத்தார். மரத்தடியில் காத்து நின்ற சனம் எட்டிப் பார்க்கிற அளவுக்கு நேரம் எடுத்தார். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"என்ரை காணி என்ரை மூத்தவளுக்கு."

நான் கிழித்த தாளில் இருந்த அதே பெயர்தான். மறுபடியும் எழுதினேன்.